பதினான்காவது குவியல்

என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். இதை என் மனைவி கலியாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். நான் ஒப்புக்கொள்ள முப்பத்தைந்து வருடம் எடுத்தது. போன ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் தொடர்வீடுகளுக்கு முன்னால், அந்த வாயால் ஒரு மனிதனின் கல்லறையை நான் இல்லாமலாக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடுவேன்.

எங்கள் குடியிருப்பில் வருடத்துக்கு இரண்டு தடவை டுக்னாட் நடக்கும். ஊரில் சிரமதானம் என்போமே, அதேதான். குளிர்காலத்தில் வழுக்காமல் இருப்பதற்காகப் பாதைகளில் கொட்டிய சிறுகல், பனி கரைந்த பிறகு எங்கும் இறைந்து கிடக்கும். அதை வாரிக் குவிப்பது ஆண்டுதோறும் என் வேலை. நாள் முழுக்க இருந்தபடி பஸ் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொள்வேன். வேலை முடிந்ததும் வெளியே மேசை போட்டு வாஃபலும் கோப்பியும் தருவார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் வருவது அதற்குத்தான். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

அன்றைக்கு மேசையில் எனக்கு எதிரே பக்கத்து வீட்டுப் பெண்மணி இருந்தார். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. பதினாறு வருடமாக அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான், ஆனால் நாங்கள் பேசியதெல்லாம் பனி, குப்பைத்தொட்டி, மறுபடியும் பனி. இப்போது நேரத்தை எப்படிப் போக்குகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, கைவிடப்பட்ட ஒரு விமானத்தளத்தின் வரலாற்றை எழுதுவதாகச் சொன்னார். லிபியப் பாலைவனத்தில் இருப்பது என்றார். எனக்குக் காது நிமிர்ந்தது.

அவர் வகுப்பு எடுப்பதுபோலவே சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னால் இத்தாலியர் அமைத்த தளம் அது. ஜெர்மனியர் வந்து பெருப்பித்தார்கள். ஆங்கிலேயர் பிடித்தார்கள், விட்டுவிட்டு ஓடினார்கள், திரும்பப் பிடித்தார்கள். ஒரே ஓடுபாதையில் மூன்று நாட்டு விமானங்கள் மாறி மாறி இறங்கின. தண்ணீர் எடுக்க லொறிகள் அறுபது மைல் போய் வந்தன. போர் மேற்கே நகர்ந்ததும் ஒரு கிழமைக்குள் எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள். பிறகு சிறிது காலம் எண்ணெய் தேடுகிறவர்கள் இருந்தார்கள், அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் இல்லை என்று முடித்தார். முடித்துவிட்டு, வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கைக்கணினியில் காட்டினார்.

ஒருவரும் இல்லையாம்! படத்தைப் பார்த்ததும் நான் கோப்பிக் கோப்பையை வாஃபலின் மேல் வைத்துவிட்டேன். கோணல் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு ஓடுபாதைகள். தெற்கே பாதி இடிந்த வட்டத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகிற தார் வீதி. அந்த வளைவு எனக்குத் தெரியும். அந்த வளைவுக்கு அளவு நாடா பிடித்தவனே நான்தான். இருபத்தொரு வயதில், நோர்வே என்றொரு நாடு இருப்பது சரியாகத் தெரியாத காலத்தில், வீதி போடுகிற கம்பனி ஒன்றில் நில அளவையாளருக்குப் பின்னால் நாடாவும் கோலும் தூக்கித் திரிகிற வேலைக்கு அங்கே போயிருந்தேன். எங்கள் முகாம் இருந்தது அந்த ஓடுபாதையில்தான். நிலம் இறுக்கமாக இருந்தபடியால் கம்பனி அதிலே தார் நிரப்பிய பரல்களை அடுக்கி, எங்களையும் பக்கத்தில் அடுக்கியிருந்தது.

நான் அங்கே இருந்தவன் என்று சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள், நம்பவில்லை. அது என்னை உசுப்பிவிட்டது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கிழக்கு ஓரத்தில் வரிசையாகத் தெரிந்த சின்னப் புள்ளிகளைக் காட்டினார். பின்னேர வெயிலில் எடுத்த படம் என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளமான நிழல் இருந்தது. இவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று என்றார். "பதினான்கு கல்லறைகள்" என்றார்.

நான் வெடித்துச் சிரித்தேன். கல்லறையா? அது எங்கள் சிலுவைப்பாதை! தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் பதினான்கு இடங்களில் நின்று ஆண்டவரின் பாடுகளைத் தியானிப்போம், அந்தப் பதினான்கு ஸ்தலங்களுக்கும் நாங்கள் குவித்த கற்கள் இவை, இருபத்தைந்து மீற்றருக்கு ஒன்று, நாடா பிடித்தவன் நான், ஒரு அங்குலம் பிசகாது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இப்போது எல்லாரும் நம்பினார்கள், நன்றாகச் சிரித்தார்கள். ஆசிரியையும் கொஞ்சம் சிரித்தார். மிகவும் பயனுள்ள தகவல் என்று நன்றி சொல்லி, கைக்கணினியை மூடி, வாஃபலைத் தொடாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். நான் அவருடைய வாஃபலையும் சாப்பிட்டேன்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனிசியின்ரை முகத்தை ஒருக்காலெண்டாலும் பாத்தனீங்களே?"

டுக்னாட்டில் பூப்பாத்தி கிளறும்போது மனைவியும் ஆசிரியையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். பதினாறு வருடத்தில் நான் அறியாததை மனைவி அந்த ஒரு மணித்தியாலத்தில் அறிந்திருந்தாள். ஆசிரியையின் தாயாருக்கு ஒரு தமையன். கப்பலில் வேலை செய்த பெடியன். நோர்வேயை ஜெர்மனியர் பிடித்தபோது அவன் கப்பல் எகிப்துத் துறைமுகத்தில் நின்றது. திரும்பி வர வழியில்லாமல் ஆங்கிலேய விமானப்படையில் சேர்ந்து, அந்தத் தளத்தில் எண்ணெய் வண்டி ஓட்டியிருக்கிறான். அங்கேயே இறந்தான். கல்லறை எங்கே என்று எந்தப் பதிவிலும் சரியாக இல்லை. தமையன் போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமைதான் மகள் போய், உங்கள் அண்ணன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு படத்தைப் பெரிதாக அடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

"இனி அந்த மனிசி தாயிட்டைப் போய் என்னத்தைச் சொல்லுறது? பக்கத்து வீட்டுக்காரன் வாஃபல் திண்டுகொண்டு சொன்னவன், அது கல்லறை இல்லையாம் எண்டோ?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அது அபூர்வமாக நடக்கிற விஷயம் என்பதால் மனைவியே கொஞ்சம் பயந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் யன்னலருகே இருந்து வெளியே பார்த்தேன். நான் வாரிக் குவித்த சிறுகல் குவியல்கள் பாதையோரம் வரிசையாக இருந்தன. சும்மா இருக்க முடியாமல் எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன். நான் பதினான்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். நாங்கள் கட்டியது பதின்மூன்று.

இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறக்க விரும்பி, ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

முகாமில் நாங்கள் பதினொரு கத்தோலிக்கர். யாழ்ப்பாணம், தீவுப்பகுதி, மன்னார், இரண்டு பேர் தூத்துக்குடிப் பக்கம். அந்த நாட்டில் வாராந்த விடுமுறை வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதையும் வெள்ளிக்கிழமை. ஆண்டவரே விடுமுறை எடுத்துத் தந்திருக்கிறார், இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது என்று எங்களுக்குச் செபம் சொல்லித் தருகிற மன்னார் அண்ணை தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோயில் இல்லை, குருவானவர் இல்லை, படம் இல்லை. கல்லு இருந்தது. தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று நான் நாடா பிடித்து, கிழக்கு ஓடுபாதை ஓரமாக இருபத்தைந்து மீற்றருக்கு ஒரு மரமுளை அடித்தேன். ஆளுக்கொரு குவியல், இளையவர்கள் மூன்று பேருக்கு இரண்டு. எல்லாரிலும் இளையவனான எனக்குக் கிடைத்தது கடைசி இரண்டும்: பதின்மூன்றும் பதினான்கும்.

கல்லுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்த இடம் முழுக்கப் போர்க்காலக் கண்ணிவெடி. கம்பனி வெடி அகற்றிய எல்லையை வெள்ளையடித்த கற்களால் குறித்திருந்தார்கள். அதைத் தாண்டிக் கால் வைத்தால் சம்பளமும் இல்லை, காலும் இல்லை என்பது ஃபோர்மனின் பகிடி. எல்லைக்குள் கிடந்த நல்ல கல்லையெல்லாம் மற்றவர்கள் பொறுக்கிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது மணல். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதுதான், என் பதினான்காவது முளைக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளைக் கற்களை ஒட்டினாற்போல ஒரு பழைய குவியலைக் கண்டேன். ஆயத்தமாக, அழகாக அடுக்கிய கற்கள். யாரோ எனக்காகவே குவித்து வைத்தது மாதிரி. ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் இரண்டு வண்டி அள்ளினேன். பதின்மூன்றாம் ஸ்தலம் பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டது. மூன்றாவது வண்டிக்குக் கல்லை இழுத்தபோது, இடுக்கில் செருகியிருந்த ஒரு தகர மூடி கழன்று என் காலடியில் விழுந்தது. பெற்றோல் தகரத்தின் மூடி. அதில் யாரோ ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு சிலுவை வரைந்திருந்தார்கள். கீழே எழுத்துகளும் இருந்தன, மணல் அடித்துத் தேய்ந்து வாசிக்க முடியவில்லை.

வண்டியிலிருந்த கல்லை அவசர அவசரமாகத் திருப்பி அடுக்கினேன். ஓடிப்போய் அண்ணையைக் கூட்டி வந்தேன். எல்லாரும் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அண்ணை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பதினான்காம் ஸ்தலம் ஆண்டவரைக் கல்லறையில் அடக்கம் செய்வது, கல்லறை ஒன்று இங்கே ஏற்கெனவே இருக்கிறது, நாங்கள் புதிதாக ஒன்று கட்ட வேண்டாம் என்றார். என் பதினான்காவது முளையைப் பிடுங்கினோம். கல்லறையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை நான் சொல்லவேயில்லை. அந்த மனிதனின் கற்கள் இரண்டு வண்டி, பதின்மூன்றாம் ஸ்தலமாக நின்றன.

அண்ணை இப்போது வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் இருக்கிறார். அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வாஃபல் வரைக்கும். கல்லுத் திருடியதையும் சொன்னேன், நாற்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? மற்றக் குவியலெல்லாம் வெளிறின கல்லு. உன்ரை பதிமூண்டு மட்டும் வெயில்பட்டுக் கறுத்த பழங்கல்லு. அடுத்த வெள்ளி நீ நித்திரையாக் கிடக்க, நாங்கள் நாலு பேர் வேறை கல்லுக் கொண்டுவந்து அந்தப் பிள்ளைக்கு மேலை அடுக்கினனாங்கள். நீ எடுத்ததைவிடக் கூட வைச்சனாங்கள்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு காலம் எடுப்பாய் எண்டு ஆருக்குத் தெரியும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடைசியில் அண்ணை ஒன்று சொன்னார்: பெரிய வெள்ளியன்று அந்தக் குவியலைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரு படம் எடுத்தோம், தன் கலியாண அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருக்க வேண்டும், தேடிப் பார்க்கிறேன். என்னிடமிருந்த பிரதி ஊரில், சண்டைக்காலத்தில், வீட்டோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலை எட்டு மணிக்கே ஆசிரியையின் கதவைத் தட்டினேன். இந்த நாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுவது வீடு பற்றி எரியும்போது மட்டும்தான். அவர் கதவைத் திறந்து, முதலில் என் பின்னால் புகை தெரிகிறதா என்று பார்த்தார். கண் வீங்கியிருந்தது. நான் நேற்று உங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், பதினான்கு இல்லை பதின்மூன்று என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமையலறைக்குள் கூட்டிப்போய் இருத்தினார். நான் முதலில் என் திருட்டைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. கல்லை இழுத்தேன், ஒரு பெற்றோல் தகரத்தின் மூடி விழுந்தது, அதில் ஆணியால் குத்திய சிலுவை இருந்தது என்று சொல்லி முடிக்குமுன்னே அவர் கையை உயர்த்தினார்.

"மூடி என்றா சொன்னீர்கள்? தகர மூடி?"

எழுந்து போய் ஒரு கோப்புடன் வந்தார். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய கடிதம். இறந்த பெடியனோடு எண்ணெய் வண்டி ஓட்டிய ஒருவன் போர் முடிந்தபின் குடும்பத்துக்கு எழுதியது. அவர் அதை எனக்கு நோர்வேஜிய மொழியில் வாசித்துச் சொன்னார். கிழக்கு ஓடுபாதையின் முடிவில் அடக்கம் செய்தார்களாம். சிலுவைக்கு மரம் கிடைக்காததால், பெற்றோல் தகரத்தின் மூடியில் ஆணியால் சிலுவையும் பெயரும் குத்தி, கற்களுக்கிடையில் செருகினார்களாம். அந்த மூடியைப் பற்றி அவர் டுக்னாட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவிக்கும் சொல்லவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

பிறகுதான் அவர் தன் தலையிடியைச் சொன்னார். கடிதம் தனிக் கல்லறை ஒன்றைத்தான் சொல்கிறது. படத்தில் பதினான்கு இருந்தன. மற்றவர்களைப் பிறகு புதைத்திருப்பார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தியிருந்தார். ஆனாலும் பதினான்கில் எது மாமா என்று தெரியாமல்தான் தாயிடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். போர் முடிந்தபின் உடல்களைச் சேகரிக்க வந்தவர்கள் கண்ணிவெடிக்குப் பயந்து அந்த மூலையைத் தேடாமல் விட்டிருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! கைக்கணினியை மேசையில் வைத்து, இரண்டு பேரும் தலை முட்ட முட்டக் குனிந்தோம். அவர் திரையிலேயே அளந்தார். முதலாவதிலிருந்து இரண்டாவது, இருபத்தைந்து மீற்றர். இரண்டிலிருந்து மூன்று, இருபத்தைந்து. நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் நாடா நாற்பது வருடம் கழித்தும் பிசகவில்லை! பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று, இருபத்தைந்து. பதின்மூன்றிலிருந்து பதினான்கு, முப்பத்தாறு. வரிசையிலிருந்து கொஞ்சம் கிழக்கே விலகியும் இருந்தது. அவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் எழுதிய குறிப்பு: கடைசி இடைவெளி ஏன் கூட? பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் சுவருக்கு மற்றப் பக்கம் இருந்து பருப்புக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நிழலைப் பாருங்கள் என்று கத்தினேன். கடைசிக் குவியலின் நிழல்தான் மற்ற எல்லாவற்றையும்விட நீளம். அண்ணையும் ஆட்களும் கூடுதலாக அடுக்கிய கல். ஆசிரியை பென்சிலை எடுத்துக் கேள்விக்குறியை வெட்டினார். பிறகு, பதினாறு வருடமாகக் கை குலுக்கக்கூட யோசித்த அந்த மனுசி, மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். சத்தம் கேட்டு மனைவி சுவரில் தட்டினாள்.

அவர் ஆசிரியை. உணர்ச்சி அடங்கியதும் திருத்தத் தொடங்கினார். எழுத்து தேய்ந்துவிட்டது, ஆகவே நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று சொல்லக்கூடாது என்றார். போர்க் கல்லறைகளைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதினார். விசாரிக்கிறோம், அந்த நாட்டு நிலைமையில் காலம் எடுக்கும் என்று பிறகு பதில் வந்தது. தன் வரலாற்றிலும் ஒரு வரியை மாற்றினார். எண்ணெய் தேடுகிறவர்களுக்குப் பிறகு ஒருவரும் இல்லை என்ற இடத்தில், வீதி போட வந்த இலங்கை, இந்தியத் தொழிலாளர்கள் என்று எழுதி, பெயர்களைச் சொல்லும்படி கேட்டார். பதினொரு பேரில் ஒன்பது பேரின் பெயர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மற்ற இரண்டையும் அண்ணை சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணையின் படம் வந்தது. நிறம் மங்கியிருந்தது. பதினொரு பேர், ஒட்டிய வயிறு, பெரிய பெல்பொட்டம், நடுவில் குவியல். குவியலின் உச்சியில், யாரோ துடைத்து நிமிர்த்தி வைத்த தகர மூடி வெயிலில் பளிச்சென்றது. சிலுவை தெரிந்தது. ஓரத்தில் குந்தியிருக்கிற ஒல்லிப் பெடியன் கமராவைப் பார்க்காமல் பதின்மூன்றாம் ஸ்தலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அது நான்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு நானும் மனைவியும் ஆசிரியையும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனோம். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். கல்லு எடுத்தவர் நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேணும் என்று மனைவி கோட்டை என் கையில் திணித்துவிட்டாள். ஆசிரியையின் தாயார் யன்னலோரம் சாய்கதிரையில் இருந்தார். சுருங்கிச் சின்னதாகிவிட்ட உடம்பு, ஆனால் கண் கூர்மை. மகள் மெதுவாக எல்லாவற்றையும் விளக்கினார். பதினான்கில் பதின்மூன்று வெறும் கல் என்பதையும், மிச்சம் ஒன்று அவனுடையதாக இருக்கக்கூடும், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். கிழவி பூதக்கண்ணாடியால் படத்தை நெடுநேரம் பார்த்தார். தகர மூடியின் மேல் கண்ணாடி அசையாமல் நின்றது.

பிறகு என் முறை. நான் கல்லு எடுத்ததைச் சொன்னேன். எனக்கு இருபத்தொரு வயது, சரியான பஞ்சி, வெயிலில் கல்லுத் தேடச் சோம்பல், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "அவனிடத்தில்."

ஒவ்வொரு வெள்ளியும் வெயில் தாழ்ந்ததும் முதலாம் ஸ்தலத்தில் தொடங்கி நடந்து வருவோம் என்றேன். ஒவ்வொன்றிலும் முழங்காலில் நின்று செபித்துப் பாடுவோம். மற்ற இடங்களில் சிலர் அவசரப்படுத்துவார்கள், இரவுச் சாப்பாடு ஆறிவிடும் என்று. அவனிடத்தில் மட்டும் ஒருவரும் அவசரப்படுத்தியதில்லை. பெயர் தெரியாத இந்தப் பிள்ளைக்கும், இவனைத் தேடிக்கொண்டிருக்கிற வீட்டாருக்கும் என்று அண்ணை ஒரு செபத்தை எப்போதும் சேர்த்துச் சொல்லுவார். அந்த வீட்டார் என் எதிரே இருந்தார்கள்.

எத்தனை வெள்ளி என்று கேட்டார். கல்லுக் குவித்த வெள்ளியை விட்டால் ஆறு என்றேன். அவர் விரல்களை மடித்து எண்ணிப் பார்த்தார். எத்தனை பேர் என்றார். பதினொரு பேர் என்றேன். தலையாட்டினார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "பாடு" என்றார்.

மனைவி தரையைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாகக் கோயிலில் என் பக்கத்தில் நிற்கிறவள், வரப்போவது அவளுக்குத் தெரியும். நான் எழுந்து நின்று, பதினான்காம் ஸ்தலத்தில் பாடுகிற பாட்டைத் தமிழில் முழுதாகப் பாடினேன். சுருதி எங்கேயோ போயிற்று, நான் எங்கேயோ போனேன். தாதி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நீ மிக மோசமாகப் பாடுகிறாய்" என்றார் கிழவி.

ஓம் என்றேன், தமிழில்.

"அவனும் அப்படித்தான். தேவாலயத்தில் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று அம்மா அவனுக்குச் சொல்லுவார்." படத்தை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை பாடு."